வேலையில்லாக் கால்கள்

மலர்க்குழுவினர் எம்மை அணுகியபோது, வழக்கம்போல இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்து வந்தனர். கம்பன் கண்ட தோழமை என்றோ, வள்ளுவர் வகுத்த நட்பு என்றோ ஒரு தலைப்பிட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் எமக்கும் தொல்லை இராது. ஆயினும் சில காலமாக எம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கும் செய்தி ஒன்று உண்டு. 28 கால்களையுடைய சிறு கருஞ்சில்லு ஒன்றைப் பற்றியது அது. அச்சில்லின் பொருட்டு மாணவன் ஒருவனுக்கு நாம் இழைத்த தவற்றைப் பற்றியதுமாகும். பழைய மாணவர்களும் இந்நாள் மாணவர்களும் ஒருங்கே படிக்கும் மலராகலின், அதனை இங்கே எழுதுவதே பொருத்தம் எனத் துணிந்தோம்.

நாம் பயிற்றப்பட்ட தமிழாசிரியர். ஆசிரிய கலாசாலையில் நாம் கற்றவை இலக்கணமும் இலக்கியமும் உளவியலும் கற்பித்தல் முறையுமே. மின்னியலோடு எமக்கிருந்த தொடர்பு, எரியாத குமிழைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதோடு முடிந்துவிடும். அத்தகைய எம்மை மாணவரின் மின்னியற் கழகத்துக்குப் பொறுப்பாசிரியர் ஆக்கியது, அறிவியலாசிரியர் ஒருவரின் இடமாற்றம். பிள்ளைகள் பின்னேரங்களில் ஆய்வுகூடத்தில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அதுவே எமது கடமை. ஒரு கதிரையும் திருத்தவேண்டிய கட்டுரைக் கொப்பிகளும் இருந்தாற் போதும் என்றெண்ணி இசைந்தோம்.

2022ஆம் ஆண்டின் மின்வெட்டை எவரும் மறந்திரார். அவ்வாண்டு பங்குனி இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. மின்சாரம் இல்லாத வேளைகளில் கல்லூரியின் மின்மணி ஊமையாயிற்று. விறாந்தையின் மூலையில் தொங்கிய பழைய தண்டவாளத் துண்டுக்கு மீண்டும் வேலை வந்தது. பழைய மாணவர்களுக்கு அவ்வோசையை நினைவூட்ட வேண்டியதில்லை. அந்நாளில்தான் கழகத்துப் பிள்ளைகளுக்கு ஓர் எண்ணம் பிறந்தது. பற்றரியில் இயங்கித் தானே நேரமறிந்து மணியடிக்கும் பொறி ஒன்றைத் தாமே செய்தால் என்ன என்றனர். எண்ணம் உருப்பெற ஓராண்டுக்கு மேலாயிற்று.

அவர்கள் தெரிந்தெடுத்த நுண்கட்டுப்படுத்தியின் பெயர் அற்மெகா 328பி. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005ஆம் ஆண்டு தோன்றிய ஆர்டுயினோ என்னும் பயிற்சிப் பலகையின் பரவலான வடிவத்தில் இருப்பதும் இச்சில்லே. இதன் குலமுதல், நோர்வேயின் திரண்ட்ஹைம் நகரில் மாணவர் இருவர் தம் படிப்புக் காலத்தில் வகுத்த அமைப்பு என்று பிள்ளைகள் எமக்குச் சொன்னார்கள். மாணவர் செய்ததை மாணவர் எடுத்தாள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம்.

28 கால்களில் 5 மின்வழங்கலுக்கும் அதனைச் சார்ந்தவற்றுக்கும் உரியவை. எஞ்சிய 23இல் இரண்டு பளிங்குக்கும், ஒன்று மீட்டமைப்புக்கும் போயின. மிகுதி 20. மணிப்பொறிக்கு அவற்றுள் வேண்டியவை நான்கே: நேரம் காட்டும் சில்லோடு பேச இரண்டு, மணியை இயக்கும் றிலேக்கு ஒன்று, மினுக்கும் சிறு விளக்குக்கு ஒன்று. ஆக, 16 கால்களுக்கு வேலை இல்லை. "மிஞ்சியவற்றை என்ன செய்வீர்கள்?" என்று நாம் கேட்டோம். "ஒன்றும் செய்யத் தேவையில்லை, சேர். அவை சும்மா இருக்கும்" என்றான் கழகத்துத் தலைவன். நாமும் சரியென்று கொப்பிகளுக்குத் திரும்பினோம். ஆசிரியர் வராத வகுப்புச் சும்மா இருக்குமா என்று இருபது ஆண்டாக ஆசிரியத்தொழில் பார்க்கும் எமக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

பொறி முதல் மாதம் முழுவதும் செவ்வையாக வேலை செய்தது. அடுத்த மாதத்தில் பாடவேளையின் நடுவே ஒருமுறை அடித்தது. மூன்று நாள் கழித்து மீண்டும் அடித்தது. ஒருநாள் காலைப் பிரார்த்தனை நிகழ்கையிலும் அடித்தது. யாரோ ஒரு குறும்பன் கைவைக்கிறான் என்பதே ஆசிரியர் கூடத்தின் ஒருமித்த முடிபு. நாமும் அவ்வாறே கருதினோம். கண்காணித்தோம், அகப்பட்டான் ஒருவன்.

பத்தாந் தரத்து மாணவன், கழகத்திற் சேராதவன். இடைவேளை முடிந்து எல்லாரும் வகுப்புக்குச் சென்ற பின்பும் அவன் விறாந்தையில் மணிப்பெட்டியின் அருகே நின்று, அதன் பிளாத்திக்கு மூடியின்மேற் கைவைத்து, உள்ளே மினுங்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் பார்த்திருக்கையிலேயே மணி அடித்தது. இனி வேறு சான்று எதற்கு? "நான் ஒன்றையும் தொடவில்லை, சேர், பெட்டியில் கையை மட்டுமே வைத்தேன்" என்றான். கையை வைத்ததை ஒப்புக்கொண்டு தொடவில்லை என்று சாதிப்பது எமக்குச் சினமூட்டியது. தாயாரை அழைத்துவரும்படி பணித்தோம். அவர் வேலைக்கு விடுப்பெடுத்து வந்தார். பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறான் என்று அந்த அம்மையாரின் முகத்துக்கு நேரே கூறினோம். அவர் ஒன்றும் பேசாமல் மகனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சென்றார்.

அடுத்த கிழமை மணி இருமுறை தவறி அடித்தது. அவ்விரு வேளையிலும் அப்பையன் எமது கண்முன் வகுப்பில் அமர்ந்திருந்தான்.

கழகத்துப் பிள்ளைகள் பெட்டியைத் திறந்து பல்மானியும் கையுமாக இரண்டு பின்னேரங்கள் முயன்றனர். வியப்பு என்னவெனில், ஐயத்துக்கிடமான காலிற் பல்மானியின் நுனியை வைத்த மாத்திரத்தில் நோய் மறைந்துவிடும், எடுத்தால் மீளும். வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடும் நோயாளியைப் போன்றிருந்தது அதன் போக்கு. பல்மானியே பழுது என்று அவர்கள் அதை ஒதுக்கிவைத்தார்கள்.

அவ்வேளையில் விழா ஏற்பாட்டுக் கூட்டத்துக்கென வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் ஆய்வுகூடத்தைப் பார்க்க வந்தார். தொழிலாற் பொறியியலாளர். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் எழுதவில்லை. கதையைக் கேட்ட அவர், பலகையைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து, "இந்த 16 கால்களுக்கும் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள், தம்பிமாரே?" என்று வினவினார். "ஒன்றும் சொல்லவில்லை, அண்ணை." "அதுதான் கேட்டேன்" என்றார்.

பின்னர்த் தம் உள்ளங்கையைப் பலகையின்மேல் மெல்ல இறக்கினார். பலகைக்கும் கைக்கும் இடையே இரண்டு விரற்கிடை வெளி இருந்தது. றிலே 'டக்' என்றது, மணி அடித்தது. கையை விலக்கினார், நின்றது. மீண்டும் இறக்கினார், அடித்தது. தொடாமல் அடித்த அந்த மணியோசையை நாம் எம் வாழ்நாளில் மறக்கமாட்டோம். பிள்ளைகள் ஆரவாரித்தனர். எமக்கு அந்த அம்மையாரின் முகமே நினைவில் நின்றது.

நடந்தது இதுதான். முதன்மாதிரியில் கையால் மணியடிப்பதற்கு ஓர் அழுத்தாளி இருந்தது. அழுத்தினால் 5 வோல்ற்று அந்தக் காலுக்குச் செல்லும்; அழுத்தாதபோது 10 கிலோ ஓம் தடையி ஒன்று அக்காலைப் பூச்சியத்தில் நிறுத்தும். பின்னர் அழுத்தாளி தேவையில்லை என்று தீர்மானித்து, இறுதிப் பலகையிற் பற்றாசு பிடிக்கும்போது ஆளியையும் தடையியையும் நீக்கினார்கள். நான்கு விரல் நீளக் கம்பித் துண்டு ஒன்று மட்டும் அக்காலில் எஞ்சிநின்றது. செய்நிரலிலோ, 'இக்கால் உயர்ந்தால் மணி அடி' என்னும் வரியை அழிக்க மறந்துவிட்டார்கள். கால் வேலையிழந்தது, காது கேட்பதை விடவில்லை.

சில்லின் கால் ஒன்றை உள்ளீடாக வைத்தால், அதன் உட்புறத்தே இருப்பது திரான்சிற்றரின் படலை. எம்மூர் வேலிப் படலையையே விஞ்ஞானப் பாடநூலாரும் எடுத்தாண்டிருத்தல் தமிழாசிரியனுக்கு மகிழ்ச்சி தருவது. இப்படலைக்கும் திரான்சிற்றரின் உடலுக்கும் நடுவே மிக மெல்லிய காவலிப் படை ஒன்று உண்டு. ஆதலால் ஓட்டம் ஏறக்குறைய உட்செல்வதே இல்லை. வோல்ற்றளவு மட்டும் உணரப்படும். உட்செல்லாதது வெளியேறவும் வழியில்லை. எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட சிறு ஏற்றமே அக்காலை உயர்த்தப் போதுமானது. சுவருக்குள் ஓடும் மின்கம்பி செக்கனுக்கு 50 முறை ஊசலாடுகிறது. மனிதவுடல் அவ்வூசலை ஏந்தி நிற்கிறது. கையை அண்மையிற் கொணர்ந்தால் மிதக்கும் கால் அதனோடு சேர்ந்து ஆடுகிறது. பல்மானியின் உள்ளே ஏறத்தாழ 10 மெகா ஓம் தடை உண்டு. அவ்வளவு பெரிய தடையூடாகக்கூட ஏற்றம் வடிந்துவிடுவதாற்றான், அளக்கும்போது நோய் மறைந்தது. ஒதுக்கிவைத்த பல்மானி குற்றமற்றது என்று பிள்ளைகள் அதனை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"மற்றப் பதினைந்து கால்களைச் செய்நிரல் கேட்பதில்லையே, அவற்றால் என்ன கெடுதி?" என்று நாம் வினவினோம். கேள்வி சரியானதே என்றார் அவர். இவ்வகைச் சில்லுகளில் ஒவ்வோர் உள்ளீட்டின் பின்னும் இரண்டு திரான்சிற்றர்கள் எதிரெதிராக நிற்கும். ஒன்று திறந்தால் மற்றது மூடும். வான்லாசு என்பார் 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்ட இவ்வமைப்பின் சிறப்பே, நிலை மாறாதவரையில் மின்னைத் தின்னாமை. காலோ மேலுமின்றிக் கீழுமின்றி நடுவே மிதந்தால் இரண்டும் அரைகுறையாகத் திறந்துகொள்ளும். வழங்கலிலிருந்து நிலத்துக்கு ஓட்டம் வீணே பாயும். கால் ஆட ஆட உள்ளே ஒவ்வொரு தடவையும் நிலைமாற்றம் நிகழும். அதற்கும் மின் செலவாகும். வேலை செய்யாத கால், வேலை செய்யும் காலைவிடக் கூடுதலாக உண்ணும் என்றார். அதைக் கேட்டு ஒருவன் கழகத்துத் தலைவனைப் பார்த்துச் சிரித்தான். காரணம் அவர்களுக்கே தெரியும்.

எமக்கு அப்போது ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. தொல்காப்பியர் மெய்யெழுத்துக்குப் புள்ளியை விதித்தார். குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்கும் விதித்தார். ஓலையில் எழுதினோர் அதனை இடுவதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பது காரணம் என்பர். போதாக்குறைக்கு, ஆகாரத்தின் துணைக்காலும் ரகரமும் ஏட்டில் ஒரே வடிவு. ககரத்தை அடுத்து அவ்வடிவு நின்றால் அது 'கர' என்பதா, 'கர்' என்பதா, 'கா' என்பதா? எழுத்துக்கும் கால் உண்டு, அதுவும் மிதக்கிறது! சிறுப்பிட்டி தந்த தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சிற் கொணர்ந்தபோது, இத்தகைய எழுத்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, யாப்பும் பொருளும் நோக்கித் துணிய வேண்டியிருந்தது. படிப்பவன் புலவனாயின் புள்ளியில்லா எழுத்து அவனைப் பெரிதும் ஏமாற்றாது. சில்லுக்கு யாப்புத் தெரியாது. அதற்குப் புள்ளி இட்டே ஆகவேண்டும்.

புள்ளி இடுவது எங்ஙனம் என்பதில் ஒரே விதி இல்லை. இச்சில்லு விழித்தெழும்போதும் மீட்டமைக்கப்படும்போதும் தன் கால்களையெல்லாம் உள்ளீடாக, எதனோடும் பிணையாமல் வைத்துக்கொள்ளும். அதனைச் செய்தோர் தம் தரவுத்தாளிற் கூறும் எளிய வழி, ஒவ்வொரு காலின் உள்ளும் உறங்கும் மேலிழுப்புத் தடையை இயக்கிவிடுதல். 20 முதல் 50 கிலோ ஓம் வரையுள்ள அத்தடை, காலை உயர்நிலையில் இலேசாகப் பிடித்துக்கொள்ளும். ஓட்டம் செல்ல வழியில்லாமையால் மின் வீணாவதுமில்லை. நேரே நிலத்தோடு இணைத்துவிட்டால் என்ன என்று ஒருவன் கேட்டான். என்றோ ஒருநாள் செய்நிரற் பிழையால் அக்கால் வெளியீடாகி உயர்ந்தால், 5 வோல்ற்றும் நிலமும் நேருக்கு நேர் மோதும். ஆகையால் தரவுத்தாளே அதனை விலக்குகிறது. வெளியீடாக்கித் தாழ்த்தி வைத்தலும் ஒரு முறையே. வேறு சில குடும்பத்துச் சில்லுகளுக்கு அதனையே பரிந்துரைத்துள்ளார்கள். ஆயின் பற்றாசுத் துளி ஒன்று அயற்காலோடு ஒட்டிக்கொண்டால் அங்கும் மோதல் உண்டு. மாணவர் கைப்பற்றாசுக்கு அது ஏற்றதன்று என்றார், எம் பிள்ளைகளின் வேலைப்பாட்டைக் கடைக்கண்ணால் நோக்கியவாறே.

இன்னொன்றும் சொன்னார், அது எம்மை மிகவும் கவர்ந்தது. ஒரே சில்லைப் பெரிய கூட்டிலும் சிறிய கூட்டிலும் இட்டு விற்பதுண்டு. சிறிய கூட்டில் வெளிக்கால்கள் குறைவு. வெளியே கால் இல்லாதபோதும் உள்ளே அதற்குரிய படலை இருக்கும், அதுவும் மிதக்கும். கண்ணுக்குப் புலனாகாத கால்களுக்கும் செய்நிரலிற் கட்டளை இடவேண்டும்.

அன்று பின்னேரமே வேலை முடிந்தது. செய்நிரலின் தலைப்பில், கால்களை ஆளும் மூன்று பதிவகங்களுக்கும் மூன்று வரிகள் எழுதினார்கள். அழுத்தாளியைக் கேட்கும் பழைய வரியை அழித்தார்கள். கம்பித் துண்டையும் வெட்டி எறிந்தார்கள். அதன்பின் றிலேக்குரிய காலையும் அவர் விடவில்லை. மின் கொடுத்த கணத்திலிருந்து செய்நிரல் பேசத் தொடங்கும் வரை ஓர் இடைவெளி உண்டு; ஆர்டுயினோ வகையில் அது ஏறத்தாழ ஒரு செக்கன்கூட ஆகலாம். அதுவரை அந்தக் காலும் மிதக்கும்; எந்த வரியாலும் அதனைத் தடுக்க இயலாது. றிலேயை இயக்கும் திரான்சிற்றரின் வாசலில் 10 கிலோ ஓம் தடையி ஒன்றை நிலத்துக்குப் பொருத்தச் செய்தார். முன்பு நீக்கி எறிந்த அதே தடையி இலாச்சியிற் கிடைத்தது.

பற்றரி கூடுதலாக நின்றதா என்று சிலர் கேட்பர். எமது பொறியில் றிலேயும் விளக்கும் தின்பதே பெரும்பங்கு. கால்களால் மிஞ்சியது சிறிதே. நாணய அளவான மின்கலத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டிய கருவிகளுக்கு அச்சிறிது பெரிதாகும். இச்சில்லு ஆழ்ந்து உறங்கும்போது ஒரு மைக்குறோ அம்பியருக்கும் குறைவாக உண்ண வல்லது. அந்நிலையில் உள்ளீட்டு வாசல்களைத் தானே சாத்திக்கொள்ளும். இடையீட்டுக்கெனத் திறந்துவைக்கும்படி நாம் பணித்த வாசல்களை மட்டும் சாத்தாது. அவை மிதந்தால் உறக்கமும் கெடும்.

மறுநாட் காலைக் கூட்டத்தில் நடந்ததைக் கூறி, அம்மாணவன் குற்றமற்றவன் என்று அறிவித்தோம். மாலையில் சைக்கிளில் அவர்களுடைய வீட்டுக்குச் சென்றோம். அம்மையார் கதிரை தந்தார், தேநீர் தந்தார். நாம் சொல்ல எண்ணியவற்றைக் கேட்டு முடித்து, "அவன் தொடவில்லை என்று அன்றைக்கே சொன்னான், மாஸ்டர்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. வழியனுப்பப் படலைவரை வந்தார்.

பையன் இரண்டு நாள் கழித்து எம்மிடம் வந்தான். கழகத்தில் சேரும்படி அழைத்தோம், யோசிப்பதாகச் சொன்னான். பின்பு சற்றுத் தயங்கி, "என்ரை கையாலேதானே சேர் அது அடித்தது? அப்படியென்றால் அடித்தது நான்தானே?" என்று கேட்டான். "இல்லை, தம்பி" என்றோம். விளக்கும்படி கேட்டான், படலை, ஏற்றம், தடையி என்று எமக்குத் தெரிந்த அளவில் விளக்கினோம். முழுதும் ஏற்றுக்கொண்டானோ அறியோம். விறாந்தைக்குச் சென்று பெட்டியின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து, இடைவேளை முடியும்வரை அப்படியே நின்றான். பெட்டி பேசாதிருந்தது. 10 மணி 50க்கு உரிய நேரத்தில் மணி அடித்தது. அவன் கையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றான்.